சித்தப்பாவைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள்

சித்தப்பா ரங்கூனுக்குத் தச்சு வேலைக்குப் போனவர். ஊரில் இருந்தவரைக்கும், இழைப்புளி தள்ளும்போது சுருண்டு விழுகிற மரச்சீவலை எடுத்து என் சடையில் பூப்போலச் செருகிவிடுவார். போன இடத்தில் புத்தி பிசகிவிட்டது, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. சோறு போடுவார்களா, கட்டிப்போட்டிருப்பார்களா, என் முகம் அவருக்கு மறந்திருக்குமா.

ஒருநாள் மானகிரியில் எங்கள் வீட்டு வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. ஜெர்மனி தேசத்து டாக்டர் ஒருவரும், அவர் பேச்சைத் தமிழில் சொல்ல மெட்ராஸ் டாக்டர் ஒருவரும் இறங்கினார்கள். பைத்தியம் என்பது எல்லா தேசத்திலும் ஒரே சீக்குதானா, தேசத்துக்கு ஒரு மாதிரியா என்று பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து ஆராய்கிறார்களாம். ரங்கூன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களின் குடும்பங்களைப் பார்க்க வந்தார்களாம். வீடு தோதாக இருந்தால் சித்தப்பாவைக் கப்பலேற்றச் சொல்வோம் என்றார் மெட்ராஸ்காரர்.

பிறகு கேட்டார்: "அவர் சொல்ற மாதிரி, பக்கத்துல ஆள் இல்லாமலே குரல் கேக்குதுன்னு இந்த வீட்ல வேற யாராவது சொல்றதுண்டா?"

அப்பா கருப்பர் கோயில் சாமியாடி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன இப்புடிக் கேட்டுப்புட்டீக. எங்கய்யாவுக்குக் கேட்டுச்சு, அவுகய்யாவுக்குக் கேட்டுச்சு. எனக்கு வெள்ளிக்கெழமை தவறாது. கருப்பரு எங்கள விட்டா வேற யாருட்டப் பேசுவாரு?"

"மத்த நாள்ல நாஞ் சொல்றதே காதுல விழாது" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து.

மெட்ராஸ் டாக்டர் சிரிக்கவில்லை. "அது கோயில் விஷயம். இவர்கிட்ட அதைச் சொல்லாம விட்டுடலாமே."

"ஏன் விடணும்? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. நல்ல வீடுன்னு தொரைக்கும் தெரியட்டும்."

மெட்ராஸ்காரர் அப்படியே துரைக்குச் சொன்னார். துரை எழுதிக்கொண்டே வந்தவர் எழுதுவதை நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து அப்பாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, நம்ம வீட்டுக்கு எம்புட்டு மருவாதி" என்றார் அப்பா, வண்டி போனபின்.

அம்மா சித்தப்பாவின் பாயை வெயிலில் போட்டு எடுத்தாள். காரைக்குடிப் பக்கமிருந்து எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நான் தெருவுக்கு ஓடினேன். பாவாடை சட்டை போய்த் தாவணி வந்தபிறகும், ஓடுவதற்கு வெட்கப்பட்டு, நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். கப்பல் கவிழ்ந்திருக்குமோ, இறங்கிய இடத்தில் வழி தப்பியிருப்பாரோ என்றெல்லாம் பயந்தேனே தவிர, அந்தத் துரை அப்பாவின் கையை ஏன் அவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.