மலையை இடப்பக்கம் வைத்து நடந்த கலெக்டர்

டபேதார் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு முதலில் ஒன்று. சிவப்புப் பட்டையை மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டு கலெக்டருக்கு முன்னால் நடப்பதுதான் நம் வேலை. போகிற வழி சரியா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. ஒரு பௌர்ணமிக்கு எங்கள் கலெக்டர் கேட்டுவிட்டார்.

அந்த வாரத் திங்கட்கிழமை, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். அடி அண்ணாமலையிலிருந்து வள்ளி வந்திருந்தார். கிரிவலப் பாதையில் மோர் விற்பவர்.

"பௌர்ணமின்னா எங்க தெரு முனைய அடைச்சுடறாங்கம்மா. பொண்ணு நிறைமாசம். டாக்டர் சொன்ன தேதியும் பௌர்ணமியும் ஒண்ணா வருது. வலி எடுத்தா எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறது? பஞ்சாயத்துல கேக்கலாம்னா இப்ப தலைவரே இல்ல."

தாசில்தார் குறுக்கே வந்தார். "அவசர வழி விட்டிருக்கோம் மேடம். போர்டே இருக்குது."

பொய்யில்லை. பௌர்ணமிதோறும் அந்த போர்டை நானும் பார்த்திருக்கிறேன்.

கலெக்டர் வடக்கே எங்கோ பிறந்தவர். இந்த மாவட்டத்துக்குப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நேர்லயே பாப்போம்" என்றார்.

பௌர்ணமி அன்று மாலை காஞ்சி ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கினார். அங்கிருந்து அடி அண்ணாமலை கிட்டம். விறுவிறுவென்று நடந்தார்; நான் முன்னால், தாசில்தாரும் பி.டி.ஓ.வும் பின்னால். எதிரே ஜனம், மேலும் ஜனம், மழைக்கால ஏரிக்கு வரும் தண்ணீர் மாதிரி. மலை உச்சியில் வெயில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் பி.டி.ஓ.வைப் பார்த்தேன். பி.டி.ஓ. மலையைப் பார்த்தார். மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சொல்லியே விட்டார். "இன்னா டபேதாரே, ரிவர்ஸ்ல வர்றே? மலை இடம் மாறிப்போச்சா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கலெக்டர் நின்றார்.

"ஏன் சிரிக்கிறாங்க?"

"நாம எதிர்ப்பக்கமா போறோம் மேடம்."

"நீங்கதானே முன்னாடி போறீங்க?"

"நீங்க எந்தப் பக்கம் போறீங்களோ அந்தப் பக்கம்தான் மேடம் நான் முன்னாடி போவேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வந்தது வந்துட்டோம். பாத்துட்டுத் திரும்பிடலாம்."

வள்ளியின் தெருமுனை. கம்பித் தடுப்பு, நடுவே இடைவெளி, பக்கத்தில் ஆளைவிடப் பெரிதாக, தரையைத் தொட்டு நிற்கும் 'அவசர வழி' போர்டு. எங்களுக்குத் தெரிந்தது போர்டின் முதுகு. அந்த முதுகை ஒட்டி, தண்ணீர் டேங்கர் ஒன்று இடைவெளியை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. வலம் வருகிற கண்ணுக்கு போர்டு அதை மறைத்துவிடும். நாங்கள் எப்போதும் வலமாகவே வந்தவர்கள். பார்ப்போம், போட்டோ எடுப்போம், போவோம்.

கலெக்டர் குரலை உயர்த்தவில்லை. "ஜனங்களுக்குத் தண்ணியும் வேணும். டேங்கர் அந்தப் புளியமரத்துகிட்ட போகட்டும்." பி.டி.ஓ. டிரைவரைத் தேடி ஓடினார்.

டேங்கர் நகர்ந்ததும் வெயில் தெருவுக்குள் பாய்ந்தது. தெருவுக்குள்ளிருந்து ஓர் ஆட்டோ உறுமிக்கொண்டு வந்தது. உள்ளே வள்ளி, அவர் தோளில் மகளின் தலை.

"இப்பதான் வலி எடுத்துச்சும்மா. கட்டிலோட தூக்கிக்கினு போக ஆள் தேடிக்கினு இருந்தேன். வழி தொறக்கறதப் பாத்துதான் ஆட்டோல ஏத்துனேன்."

கலெக்டர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு முன்னாடி வேணாம். ஆட்டோவுக்கு முன்னாடி போங்க."

போனேன். நடையா ஓட்டமா, எனக்கே தெரியாது. வழி, வழி என்று நான் கூவக் கூவக் கூட்டம் இரண்டாக விலகியது. பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் வேர்க்க விறுவிறுக்கக் கலெக்டர். பாதி தூரத்தில் அதே பெரியவர், ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தார்.

"இப்ப சரியான பக்கம் வர்றே டபேதாரே."

மலை எங்களுக்கு வலப்பக்கம் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வள்ளி மனு வரிசைக்குப் போகவில்லை. மோர்த் தூக்கோடு நேராகக் கலெக்டர் அறை வாசலுக்கு வந்தார். "பேத்தி பொறந்திருக்கா. மொதல் டம்ளர் உங்களுக்கு, அப்புறந்தான் மேடத்துக்கு." பட்டையும் தலைப்பாகையுமாக நின்று குடித்தேன். உள்ளேயிருந்து கலெக்டர், "எனக்கு ஜாஸ்தி ஊத்துங்க" என்றார்.

கற்றுக்கொண்டது இது. கலெக்டர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். நம் ஊர் வழக்கம் தெரியாது. கேட்டால் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன், அவர்களோடு ஒருமுறை எதிர்ப்பக்கமாகவும் நடந்து பாருங்கள்.