எங்க எறங்குவீங்க?

என் லேப்டாப்பில் 'அரைகுறை' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை, என் மனைவி. நான் கௌரவமாக 'புராஜெக்ட்ஸ்' என்று வைத்திருந்ததை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கப் போன நேரம் பார்த்து மாற்றிவிட்டாள். சுர்ரென்று கோபம் வந்தது. சண்டை போடுவதற்கு முன்னால் ஆதாரம் வேண்டுமே என்று ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே பதினோரு புரோகிராம். முடிந்தது ஒன்றுகூட இல்லை. பெயரை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்பு உதிரி பாகங்களின் அளவு சரிபார்க்கிற வேலை. புரோகிராம் எழுதுவது நானாகக் கற்றுக்கொண்டது. சிலர் சாயங்காலம் கேரம் ஆடுவார்கள், சிலர் டிவி பார்ப்பார்கள், நான் புரோகிராம் எழுதுவேன். எழுதாத நேரத்தில் கேம் ஆடுவேன். ஊர் கட்டி, கோட்டை கட்டி, பக்கத்து ராஜாவை அடித்துத் துரத்துகிற கேம்கள்தான் பிடிக்கும். "அங்க ராஜ்யமே ஆள்றீங்க. இங்க பாத்ரூம் பைப்பு ஒரு மாசமா ஒழுகுது, ராஜா" என்பாள் என் மனைவி.

அந்தப் பதினொன்றில் ஒன்று குக்கர் விசில் எண்ணுகிற ஆப். ஃபோனை அடுப்படியில் வைத்தால் அதுவே விசிலைக் காதால் கேட்டு எண்ணி, மூன்றானதும் மணியடிக்கும். என்ன அருமையான யோசனை! முதல் நாளே பருப்பு கல் கல்லாக இருந்தது. எங்கள் குக்கர் ஒரு விசில்தான் அடித்திருக்கிறது, ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது, மூன்றாவது பட்டாபிராம் ஸ்டேஷனைத் தாண்டிப் போன எக்ஸ்பிரஸ் ரயிலுடையது. "விசில எண்ண எனக்கு ரெண்டு காது இருக்குங்க, அதுக்கு கரண்ட் கூட வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் பருப்பை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் தினமும் காலையில் பட்டாபிராமில் ரயில் ஏறி சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவள். எப்போதும் அதே ரயில், அதே லேடீஸ் கம்பார்ட்மெண்ட், அதே கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவி உண்டு. திருநின்றவூரில் ஏறி பெரம்பூரில் இறங்குகிற ஓர் அக்கா. முதலிலேயே ஏறிவிடுவதால் சன்னல் சீட்டு எப்போதும் அவருடையது. கல்யாணம் ஆன புதிதில் இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழித்தபோது, "இன்னாம்மா நின்னுகினு கீற? அந்த நீலச் சுடிதாரு அம்பத்தூர்ல எறங்கும், அதாண்ட போய் நில்லு" என்று வழிகாட்டியவர் அவர்தான். அந்த அக்காவுக்கு ரிட்டையர்மெண்ட் வந்துவிட்டது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கடைசிப் பயணம். என்ன கொடுக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. புடவை, குத்துவிளக்கு என்று ஆளுக்கொன்று சொல்ல, இவள் எந்த வேகத்தில் இருந்தாளோ, "எங்க வீட்டுக்காரரு நம்ம டிரெய்ன வச்சே ஒரு கேம் பண்ணிட்டிருக்காரு, அதுல அக்காவும் வர்றாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அப்படி ஒரு கேமே கிடையாது. ரயில் கேம் ஒன்று செய்ய வேண்டும் என்று என்றைக்கோ சாப்பிடும்போது சொன்னேன். ஃபோல்டரில் பன்னிரண்டாவதாக அதற்கு ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தேன். பச்சை நிறக் கட்டம். அவ்வளவுதான் ரயில்.

"எல்லாரும் கைதட்டிட்டாங்க" என்றாள் சாயங்காலம், குரலே எழும்பாமல். "புடவை வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. மூணு வாரம் இருக்கு. வாழ்க்கையில ஒண்ணே ஒண்ண முடிச்சிக் குடுங்க. இல்லன்னா என் மானம் கப்பலேறிடும். நான் ஏழே கால் டிரெய்னுக்கு மாறிட வேண்டியதுதான்."

என்னைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசியிருக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்றேன்.

ஒரு வாரத்தில் முதல் வடிவம் தயார். பெருமையாக அவள் கையில் ஃபோனைக் கொடுத்தேன். ரயில் வந்து நிற்கும், கதவில் பாய்ந்து ஏற வேண்டும், முழங்கையால் இடித்தால் பத்து பாயிண்ட், சீட்டைப் பிடித்தால் ஐம்பது, பையைத் தூக்கிப் போட்டு இடம் பிடித்தால் போனஸ். இரண்டு நிமிஷம் ஆடினாள். அதற்குள் மூன்று பெண்களைத் தள்ளிவிட்டிருந்தாள்.

"இது என்னங்க குஸ்தி?"

"டிரெய்ன்ல சீட்டு பிடிக்கிறது."

"எங்க பெட்டியில யாரு இப்படி பிடிக்கிறா? சண்டையே போடாம ஒரு கேம் கூட உங்களுக்குத் தெரியாதா? நாங்க கேப்போம்."

"என்ன கேப்பீங்க?"

"எங்க எறங்குவீங்கன்னு கேப்போம்."

எனக்குப் புரியவில்லை. நான் பைக்கில் எஸ்டேட்டுக்குப் போகிறவன். அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். ஏறினதும் உட்கார்ந்திருப்பவர்களிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்க வேண்டும். 'அம்பத்தூர்' என்றால் அவர் முன்னால் நின்றுகொள்ளலாம், அந்த இடம் இனி நமக்கு. ஏற்கெனவே வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் 'சொல்லிட்டாங்கம்மா' என்பார், அடுத்தவரைக் கேட்க வேண்டும். சொன்ன சொல் மாறக் கூடாது. நமக்குப் பின்னால் வந்த ஆளுக்குக் கால் வலி என்றால், கிடைத்த சீட்டை வில்லிவாக்கம் வரை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளை இருப்பவருக்கு யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் அத்தனை பேருக்கும் மனப்பாடம். இவ்வளவு வருஷமாக நான் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் வாயாலேயே ஒரு பெட்டியை ஆண்டிருக்கிறார்கள். எனக்கு மூக்கு உடைந்த மாதிரிதான் இருந்தது. 

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி எழுதினேன். எங்கே ஏறுவார், எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டால் தலைக்கு மேல் பலூனில் என்ன சொல்வார். அவர் சொல்கிற ஸ்டேஷனில்தான் கேம் அவரை இறக்கிவிடும். அக்காவின் வரிக்கு வந்தபோது கேட்டேன்.

"அக்காவைக் கேட்டா என்ன சொல்வாங்க?"

"அவங்கள யாரு கேக்கப் போறா? அவங்கதான் எல்லாரையும் கேப்பாங்க. அவங்க சீட்டு அவங்களோடது. கண்ணாடி, மஞ்ச சாப்பாட்டுப் பை, அது ரெண்டையும் சரியா வரைங்க. அது போதும்."

சரி, அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். கண்ணாடியை நான்கு தடவை வரைந்தேன். மஞ்சள் பைக்கு இரண்டு நாள் ஆனது. 'அப்புறம்' என்கிற வார்த்தையால்தான் என் ஃபோல்டருக்கு அந்தப் பெயரே வந்தது. அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை கேம் முடிந்தது. நிஜமாகவே முடிந்தது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், ரயில் சத்தம், எல்லாம் இருந்தது. என் மனைவி இரண்டு தடவை முழுசாக ஆடிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றாள். எங்கள் வீட்டு அகராதியில் இது பெரிய பட்டம். அக்காவைத் தவிர எல்லார் ஃபோனுக்கும் அனுப்பினாள். 'தெரியாத ஆப், ஆபத்து' என்று ஃபோன் மிரட்டியதில் ஒருத்தி பயந்துபோய் அழித்துவிட, அவளுக்கு மறுபடி அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். கேம் பாதியில் மக்கர் பண்ணினால் சரி செய்ய ஆள் வேண்டாமா? லேடீஸ் பெட்டியில் ஏற முடியாது. அடுத்த பெட்டியில் லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நசுங்கியபடி நின்றேன். என் மனைவி எனக்கு ஃபோன் போட்டு, கட் பண்ணாமல் கையிலேயே வைத்திருந்தாள். என் காதில் இயர்ஃபோன். ஆவடி தாண்டும்போது அக்காவின் கையில் ஒரு ஃபோனைத் திணித்தார்கள்.

"இன்னாம்மா இது? அய்ய, நம்ம வண்டி! த பார்றா, ஆவடி போர்டு! இது யாரு சன்னலாண்ட குந்திகினு... ஏய், நானு! என் பை!"

பெட்டியே சிரித்தது. எனக்கு அடுத்த பெட்டியில் கண் கலங்கியது. பக்கத்தில் நின்றவர் என் காலை மிதித்துவிட்டோமோ என்று நினைத்து சாரி சொன்னார்.

அக்கா நன்றாகவே ஆடினார்; ஃபோனில் நடப்பதைச் சுற்றி நின்றவர்கள் உரக்கச் சொன்னதில் எனக்கும் எல்லாம் தெரிந்தது. நீலச் சுடிதாரைக் கேட்டார், டிஃபன் டப்பா பெண்ணைக் கேட்டார், யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் நினைவு வைத்திருந்தார். ஃபோனில் ரயில் கொரட்டூரைத் தாண்டியது. பிறகு, "இரு, என்னையே கேக்கறேன்" என்றார்.

அந்தக் காலி இடம்! இத்தனை நாளில் நான் அதை நிரப்பவே இல்லை. என் மனைவியும் ஆடிப் பார்த்தபோது தன் சீட்டிலேயே கண்ணாக இருந்தாள், அக்காவைக் கேட்கவே இல்லை. யாருமே கேட்க மாட்டார்களே.

"எங்க எறங்குவீங்கன்னு கேட்டா வெறும் பலூன் வருது. வாயே தொறக்க மாட்டேங்குது பாரு இவ!" மறுபடி அழுத்தினார். மறுபடி காலி பலூன். "இன்னா திமிரு!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபோனில் வில்லிவாக்கம் போனது, பெரம்பூர் வந்தது, சன்னலோரத்து அக்கா அசையவில்லை. சென்ட்ரல் வந்தது. அப்போதும் இறங்கவில்லை. ரயில் திரும்பி திருநின்றவூருக்குக் கிளம்பியது. மடியில் மஞ்சள் பையோடு அக்கா உட்கார்ந்தே இருந்தார்.

சிரிப்பு மெதுவாக நின்றது. நான் இயர்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஏம்மா" என்றது அக்காவின் குரல். "வெளிய இது இன்னா ஸ்டேஷன்?"

"வியாசர்பாடிக்கா."

"பெரம்பூரு?"

பெரம்பூர் போய்விட்டது. ஆபீஸில் மாலையோடு காத்திருக்கிறார்கள், இவர் அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஸ்டேஷனை விட்டுவிட்டார். "சரி வுடு. இத்தினி வருசமா நீங்கள்லாம் அப்பால எங்க போறீங்கன்னு பார்த்ததே இல்ல. சென்ட்ரல் வரிக்கும் வந்துட்டு திரும்பிக்கறேன்" என்றார்.

சென்ட்ரலில் அவர்கள் இறங்குவதைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். அக்காவின் ஃபோனிலும் கேமை ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவரைச் சுற்றி எல்லாரும் ஒரே அழுகை. என் மனைவி கூட்டத்துக்கு நடுவில் இருந்து என்னைப் பார்த்து முறைத்தாள். முறைக்கும்போதே அவளுக்கும் கண்ணீர் வழிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நானே முந்திக்கொண்டேன். "ஒரே வார்த்தைதான். பெரம்பூர்னு போட்டா முடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை பண்ணிடறேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்ரூம் பைப்பைத்தான் சரி பண்ண விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'பெ' என்று அடித்தும் விட்டேன். என் மனைவி வந்து ஃபோனை என் காதருகில் வைத்தாள். அக்கா காலையில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

"நைனா, நாந்தான். காலைல அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துச்சி. குளிச்சிட்டேன், சோறு கட்டிட்டேன், பையி கூட எடுத்துட்டேன். அப்பறம்தான் நெனப்பு வந்துச்சி. ஊட்ல குந்திகினு உன் கேம தொறந்தேன். நான் சன்னலாண்ட குந்திகினு போய்கினு கீறேன். யாரோ ஒரு பொண்ணு வந்து எங்க எறங்குவீங்கன்னு கேக்குது, நான் வாயே தொறக்கல. அத மட்டும் சரி பண்ணிடாத நைனா. என்ன எறக்கி வுட்டுடாத."

அடித்த எழுத்தை அழித்தேன். என் மனைவி காபி போட உள்ளே போனாள்.