அம்மாவின் புகையிலை அளவு

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். இடம் மாற எழுந்த நான், அம்மாவின் நினைவு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சேரப்பணஞ்சேரியில் இருந்தோம். அம்மாவின் கன்னத்துக்குள் வெள்ளையாகத் தடித்திருந்ததைப் பார்த்த நர்ஸ், "புகையிலைய வுடலைன்னா புத்துநோய்தாம்மா" என்று சொல்லிவிட்டார். ஒரேயடியாக விட அம்மாவால் முடியவில்லை. அதனால் தினமும் காலையில் ஒரு தென்னை ஈர்க்கை வைத்து அளந்து, அன்றைய புகையிலையை நறுக்கிக் கொடுக்கும் வேலையை எனக்குத் தந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஈர்க்கில் நகத்தளவு ஒடிப்பேன்.

"இன்னாடி, தங்கத்த நிறுக்கற மாதிரி பாக்கறே!" என்று சிரிப்பாள்.

ஆறாவது வாரம், நடவு வயலுக்குக் கூழ் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டு கன்னியம்மா அத்தையிடம் அம்மா கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு துண்டு குடு கன்னி. குனிஞ்சிக்கினே கீறேன், தல சுத்துது."

என்னைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் ஈர்க்கைவிட ஒரு விரற்கடை நீளமாக நறுக்கிக் கொடுத்தேன். அம்மா ஈர்க்கை வாங்கி வைத்துப் பார்த்தாள். அதிகமாக இருந்ததைக் கிள்ளி என் கையிலேயே போட்டாள்.

"நீயும் எம்பக்கம் சேந்துக்கினா நான் எப்டிடி வுடறது?"

அறுவடைக்குள் விட்டுவிட்டாள். அதன்பின் அவள் முந்தானையில் முகம் புதைத்தால் சோப்பு வாசனைதான் வந்தது. பழைய வாசனைக்கு நான் ஏங்கியதைக் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை.