சுருட்டுப் பெட்டியில் சிலிக்கா பொட்டலம்

தீனதயாளன் முப்பது வருடம் ஈரத்தோடு மல்லுக்கட்டியவர். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், கப்பலேறிப் போன டீ-ஷர்ட் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்து மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடாமல் எந்த அட்டைப்பெட்டியையும் அவர் மூட விட்டதில்லை. வீட்டில் பருப்பு டப்பாவிலும் கல்யாண ஆல்பத்திலும்கூட அந்த வெள்ளைப் பொட்டலம் கிடக்கும். சுருட்டு டின்னிலும் நான்கு போட்டு வைத்திருந்தார்.

அவர் சுருட்டுப் பிடிப்பவர் அல்ல. டின்னில் இருந்த இருபத்து மூன்றும் ஹென்ரிக் கொடுத்தவை. ஹென்ரிக் டென்மார்க்காரர், சரக்கு வாங்கத் தீனதயாளனுக்கு வாய்த்த முதல் பையர். தொண்ணூற்றேழாம் வருடம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கடைசி சாம்பிளுக்கு ஒரு கை தைக்க வேண்டியது பாக்கி. இருவரும் சாம்பிள் ரூமில் துணி ரோல்கள் மேல் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார்கள். ஹென்ரிக் சட்டைப் பையிலிருந்து இரண்டு சுருட்டு எடுத்தார். துணியில் வாசம் ஏறிக்கொள்ளும், இங்கே பற்ற வைக்கக் கூடாது என்று தீனதயாளன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். வாங்க வந்தவரிடம் அப்படிச் சொன்னதும் அவருக்கே வியர்த்துவிட்டது. ஹென்ரிக் சிரித்து ஒன்றை அவர் பையில் சொருகினார். இரண்டு பேரும் இந்த வேலையை விட்ட பிறகு சேர்ந்து பற்ற வைப்போம், அதுவரை பத்திரம் என்றார்.

பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்று. தீனதயாளன் ஒவ்வொன்றிலும் சாம்பிளுக்குக் கட்டுவது போல ஒரு டேக் கட்டி சீசன், ஸ்டைல் நம்பர், கலர் எழுதி வைத்தார். ‘கோடை 2004, போலோ, நேவி’ என்ற டேக்கைப் பார்த்தால் அந்த வருடம் சாயம் ஒட்டாமல் மூன்று முறை திரும்பி வந்த துணி, தையல் மெஷினின் கிறீச்சல், டீ கொண்டுவந்த கிளாஸின் சூடு எல்லாம் கூடவே வரும். மனைவி அமராவதிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“கருப்பராயனுக்குப் படைக்கற சாமான ஊட்டுக்குள்ள எதுக்குங்க வெச்சுக்கிட்டு?”

அதனால் அந்த டின் அவருடைய கம்பெனி பீரோவிலேயே இருந்தது. இந்த வருடம் அவர் ஓய்வு பெற்றபோது கூடவே வீட்டுக்கு வந்தது. அதே மாதம் ஹென்ரிக்கிடமிருந்தும் செய்தி வந்தது. அவரும் ஆபீஸை மூடிவிட்டாராம். ஐப்பசியில் வருகிறாராம். முதல் சுருட்டு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

ஹென்ரிக் வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும்படி ஹால் ஷோகேஸில் எல்லாவற்றையும் வரிசையாக வைக்க ஆசைப்பட்டார் தீனதயாளன். சுருட்டு வைக்கவென்றே மரப்பெட்டி உண்டு, ஹ்யூமிடர் என்று பெயர் என்று போனில் பார்த்தார். அமராவதியையும் அழைத்துக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு கடைக்குப் போனார்.

கடையில் இருந்த ஜெயபாரதி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று கண்ணாடி மூடி, நகைப்பெட்டி போலப் பளபளப்பு. மற்றது முழுக்க மரம், பார்க்க ஒன்றுமில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததுமே அவர் முடிவு செய்துவிட்டார். இப்போது எதில் வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். பையிலிருந்து டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். சித்திரைக்குச் சித்திரை பொட்டலம் மாற்றுவதையும் பெருமையாகச் சொன்னார்.

ஜெயபாரதி டின்னைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு சுருட்டை எடுத்து அவர் காதருகே மெதுவாக உருட்டினாள். காய்ந்த சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

“சார், இந்தப் பெட்டி ஈரத்த எடுக்கறதுக்கு இல்லீங்க. ஈரம் குடுக்கறதுக்குங்க. சுருட்டு காயவே கூடாதுங்க.”

தீனதயாளன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹென்ரிக் வர இன்னும் பன்னிரண்டு நாள். பற்ற வைக்கும்போது அந்த முதல் சுருட்டு அவர் விரலில் பொடிப்பொடியாக உதிர்வதுதான் கண்ணுக்குள் வந்தது. பத்திரம் என்று சொல்லிக் கொடுத்ததைத் தன் கையாலேயே வருடா வருடம் உலர்த்தியிருக்கிறார். இனி தேறுமா என்று கேட்டார். தேறலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் ஜெயபாரதி. தண்ணீர் தெளித்தால் என்ன என்று அவர் கேட்டதுதான் தாமதம், அமராவதி குறுக்கிட்டாள். அவள் பத்து வருடம் நிட்டிங் யூனிட்டில் நூல் சுற்றியவள்.

“நல்லாருக்குதுங்க நாயம். சித்திர வெயில்ல நூலு காஞ்சு அந்து அந்து போகுமே, அப்பத் தண்ணியவா தெளிச்சோம்? நனைச்ச சாக்க ஓரமாத் தொங்க உட்டுட்டு சும்மா இருப்போம். நூலு தானாக் குடிச்சுக்கும். அவசரப்பட்டாப் பூஞ்சணந்தான்.”

அக்கா சொல்வதுதான் சரி, ஆறு வாரமாவது ஆகும் என்றாள் ஜெயபாரதி.

அவர் எழுந்தார். பையிலிருந்து டிஷ்யூ பேப்பர் கிழிசல் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் வைத்து மூடி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மரப்பெட்டியில் வைத்து இழுத்தார். வரவில்லை. பெட்டிக்குள்ளிருக்கும் ஈரத்தை எந்த மூடி பிடித்து நிறுத்தும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இதுல உள்ள இருக்கறது தெரியாதேங்க?” என்றாள் அமராவதி.

“தெரியாட்டிப் போச்சாது. இருக்கோணுமல்ல.”

வீட்டுக்கு வந்ததும், இன்வெர்ட்டருக்கு வாங்கிய டிஸ்டில் வாட்டரில் பஞ்சை நனைத்துப் பெட்டிக்குள் அமராவதி சொன்னபடி ஒரு ஓரத்தில் வைத்தார். முதல் சுருட்டு பஞ்சிலிருந்து எட்டி இருந்தது.

ஹென்ரிக்கிடம் சொல்வதுதான் பாக்கி. முப்பது வருடத்தில் ஒரு ஷிப்மென்ட்டுக்குக்கூட அவர் தேதி தள்ளிக் கேட்டதில்லை. ராப்பகலாக ஆட்களை உட்கார வைத்திருக்கிறார், விமானத்தில் அனுப்பியிருக்கிறார், கேட்டதில்லை. இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்து, மூன்றாம் நாள் பேசினார். சிலிக்கா பொட்டலம் போட்டதை மறைக்காமல் சொன்னார். ஆறு வாரம் வேண்டும் என்றார். ஹென்ரிக், இத்தனை வருடமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன், எக்ஸ்டென்ஷன் கொடுத்தாயிற்று என்று சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமைதோறும் காலையில் பெட்டியைத் திறந்து விரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு வெடித்துவிட்டன. அவற்றை அமராவதி பேசாமல் எடுத்துப் போய்க் கருப்பராயன் கோயிலில் வைத்துவிட்டு வந்தாள். மற்றவை மெல்ல மெல்ல இளகின. இருபத்து மூன்று டேக்குகளையும் மட்டும் அவர் ஷோகேஸில் வரிசையாகத் தொங்கவிட்டார்.

மார்கழியில் ஹென்ரிக் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. டேக்குகளை ஒவ்வொன்றாக நின்று வாசித்தார். தீனதயாளன் பெட்டியைத் திறந்து முதல் சுருட்டை நீட்டினார். ஹென்ரிக் அதை அழுத்தினார். விரல் பதிந்த இடம் மெதுவாக மேலெழுந்தது. மேல் இலையில் ஒரு கோடு விட்டிருந்தது, அவ்வளவுதான்.

தீனதயாளன் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். அங்கே கொடியில் பனியன்களும் துண்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. ஹென்ரிக் தீப்பெட்டிக்குக் கை நீட்டினார். தீனதயாளன் கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தார்.

ஹென்ரிக் சுருட்டைக் காதில் சொருகிக்கொண்டு முதல் பனியனை உருவினார். நெஞ்சில் அணைத்து, பனியனின் கைகளைப் பின்னால் மடித்து, கம்பெனி மேஜையில் மடிப்பது போலவே மடித்தார். கொடி காலியாகும்வரை இருவரும் மடித்தார்கள்.