மோட்டார்காரர் வீட்டுக் கதவு

சுரங்க ரயிலுக்குத் தோண்டிய பெருங்குழியைச் சுற்றித் தகர வேலி. வேலிக்கு உள்ளே, குழியில் ஊறும் நீரை இறைக்கும் மோட்டார்காரருக்கு வேலை, வெளியே வீடு. கொடுத்து வைத்த மனுஷன் என்று தெருவே சொன்னது. மண்ணாங்கட்டி! நிலத்தடி நீரை இறைக்காவிட்டால் குழிக்குள் இருக்கிற ஆட்கள் மூழ்குவார்கள். இறைத்தாலோ சுற்றியுள்ள மண் வற்றித் தாழ்ந்து, இவர் வீட்டுச் சுவர்தான் முதலில் வாய் பிளக்கும். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், விரிசல் விழுந்த வீட்டை எவன் வாங்குவான்?

"மத்தவங்க ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் குடுப்பாங்க. நீங்க சொந்த வீட்டையே பூமிக்குள்ள எறக்குறீங்க," என்று மனைவி கேலி பேசுவாள். அவருக்குச் சிரிப்பு வராது.

இறைக்கிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் பார்ப்பது அவர் வழக்கம். தெளிவாக இருந்தால் கவலையில்லை. கலங்கினால், பூமிக்கடியில் இருக்கும் மண்ணும் கூடவே வருகிறது என்று அர்த்தம். அன்று மத்தியானம் டம்ளரின் அடியில் மணல் படிந்தது. ஆட்களை மேலே வரச்சொல்லிச் சங்கை அலறவிட்டார். அதற்குள் போன் அடித்தது.

"என்னங்க, வாசக்கதவு தெறக்க மாட்டேங்குது. நெலை சாஞ்சு இறுக்கிப் பிடிச்சிடுச்சு. சுவரு வேற சடசடங்குது."

"ஜன்னல் வழியா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடித்த புண்ணியவான் இவரேதான்.

"மோட்டார நிறுத்திட்டு ஓடி வாங்களேன்!"

நிறுத்தினால் வீடு பிழைக்கலாம். ஆனால் ஆட்கள் ஏணியில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. மணல் அடைத்து மோட்டார் திணறியது. வால்வைத் திருகித் திருகி ஓட்டினால்தான் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும்.

"கீழ ஆளுங்க இருக்காங்கம்மா." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.



"சரி, அவங்க ஏறட்டும். நான் எங்க போகப்போறேன்?"

கடைசி ஆள் தரையில் கால் வைத்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கடப்பாரையோடு ஓடினார். கதவைப் பிளந்து அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, உள்ளே அடுப்படிச் சுவர் சரிகிற சத்தம் கேட்டது.

சாயங்காலமே கம்பெனி அவர்களுக்கு ஓர் அறை ஒதுக்கியது. எங்கே என்கிறீர்கள்? வேலிக்கு உள்ளே, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால். மறுபடி இறைக்க ஆரம்பித்தால் கூப்பிட வசதியாம். அவர் உள்ளே நுழைந்து பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனார். மனைவி விடவில்லை. சுவரோரம் கிடந்த செங்கல்லை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.