சிவிங்கிப்புலிக்கு இடம் பார்த்தோம்

நம் நாட்டில் அழிந்தே போன சிவிங்கிப்புலி மறுபடி இந்த மண்ணில் ஓட வேண்டும் என்று போன மாதம் இதே பக்கத்தில் உருகி உருகி எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம்.

அதைப் படித்த நண்பர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வடநாட்டு ஆராய்ச்சியாளரை என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். வெளிநாட்டிலிருந்து சிவிங்கிப்புலிகளைக் கொண்டுவந்து விடத் தோதான இடம் தேடுகிறாராம். அடர்ந்த காடு ஆகாது. ஓடுவதற்குப் புல்வெளி வேண்டும். எனக்குத் தெரிந்த புல்வெளி ஒன்றுதான் — காங்கயம் பக்கம் என் மனைவியின் அண்ணன் வைத்திருக்கும் கொறங்காடு.

கொறங்காடு என்றால், சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்த மேய்ச்சல் நிலம். செம்மறிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும்... அவை பாட்டுக்கு மேயும், அங்கேயே படுக்கும். காவலுக்கு ஆள் கிடையாது. மழை பொய்த்த வருடங்களில் மச்சான் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஆடுகளால்தான்.

அங்கே போய் அம்பாசடரை விட்டு இறங்கியதுமே ஆராய்ச்சியாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. புல் பிரமாதமாம். வேலி அதைவிடப் பிரமாதமாம். இரைக்கும் பஞ்சமில்லை என்று இங்கிலீஷில் சொல்லிக் கையை வேறு நீட்டினார். அவர் காட்டியது மச்சானின் ஆடுகளை!

மச்சான் வீட்டில் கோழிக்குழம்போடு சாப்பாடு முடிந்தது. புலியை இங்கே விடச் சம்மதமா என்று மச்சானிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஏனுங்க மாப்ள, அது என்னத்தத் திங்குமுங்க?"

என் கண் ஆடுகள் பக்கம் போய்விட்டது. மச்சானுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வீடு தேடி வந்து கை நனைத்தவரிடம் முடியாது என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் ஏது?

"ஆகட்டுங்க... பாத்துக்கலாங்க."

அப்படியே மொழிபெயர்த்தேன். மக்கள் ஆதரவு உண்டு என்று அவர் குறித்தும் கொண்டார்! கொங்குநாட்டில் 'பாத்துக்கலாங்க' என்றால் கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம். வடக்கத்திக்காரருக்கு இதை எப்படி விளக்குவது?

மச்சானே விளக்கினார். கார் வரைக்கும் வந்து, டிக்கியில் இளநீர்க் குலையை ஏற்றிவிட்டுக் கை கூப்பினார்.

"சார் மறுக்கா அவசியம் வரோணுங்க. தனியா வாங்க."

இதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். பல்லடம் தாண்டியதும் பேனாவை எடுத்து, மக்கள் ஆதரவு என்று குறித்ததை அடித்தார். சத்தியமங்கலம் பக்கம் புல்வெளி எப்படி என்று கேட்டார்.

அருமையான இடம் சார், அவசியம் பாருங்கள் என்றேன்.

அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.