பாப்பச்சன் சேட்டனின் பிரேக் பேடு

மலையடிவாரத்து முண்டக்கயத்தில் வண்டியை நிறுத்தியதும் பாப்பச்சன் இறங்கிப் போய் முன்சக்கரத்தருகே குந்திக்கொள்கிறார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல, தொடாமல், உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறார். நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடத் தயாராக நிற்போம். விடமாட்டார்.

"கை வெச்சுப் பாருங்க. சும்மா வெச்சுப் பாருங்க. குழந்தை நெத்தி மாதிரி இருக்கா இல்லையா?"

இருக்கும். அதே இறக்கத்தில் எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகளின் சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை வரும். பாப்பச்சன் அந்தப் பக்கம் மூக்கைச் சுளித்துவிட்டு, "கேட்டீங்களா, பேடு அழுவுது" என்பார். வாடையைக் காதால் கேட்கிற மனிதர் அவர் ஒருவர்தான்.

ஐம்பத்துமூன்று வயது. நல்ல உயரம், முழங்கால்கள் ஸ்டீயரிங்கின் இரு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். குட்டிக்கானம் டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு 'ரெண்டாம் கியர்' என்று இன்னொரு பெயர் உண்டு. மலை இறங்கத் தொடங்குகிற இடத்தில் அந்தக் கியரைப் போட்டால் அடிவாரத்தில்தான் மாற்றுவார்; என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை இருக்காது. பின்னால் பேருந்தும் லாரியும் ஊர்வலம்போல் சேர்ந்துகொண்டு ஹார்ன் அடிக்கும். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். "அடிங்கடா மக்களே, ஹார்ன் தேயட்டும். என் பேடு தேயாது."

தினமும் காலையில் அவர் வண்டியில் கீழே போகிறவர்கள் மூவர். நான் அஞ்சலகத்துக்கு, ஓமனா ஆஸ்பத்திரிக்கு, குரியாச்சன் ஜவுளிக்கடைக்கு. தாமதமாகப் போய்ச் சேர்வதற்கு எங்கள் மூவருக்கும் வேலையிடத்தில் ஒரே காரணம்தான். எங்கள் மேலதிகாரிகள் இப்போது அதைக் கேட்பதுகூட இல்லை.

சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேடு தேய்ந்து போகாமல் எத்தனை நாள் வரும் என்பது எங்கள் மலையில் மழை எப்போது வரும் என்பதற்கு அடுத்தபடியாகப் பேசப்படுகிற விஷயம். முண்டக்கயத்தில் பட்டறை வைத்திருக்கும் ஹம்சாவிடம் கேட்டால், முதலில் கேட்டவரின் காலைப் பார்ப்பார்.

"இந்தக் கால்தான் சொல்லணும். ஆலப்புழையில ஓட்டினா அம்பதாயிரம் கிலோமீட்டர் வரும். இந்த மலையில இருபத்தஞ்சு வந்தா மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து. கொச்சியிலேர்ந்து வர்ற பசங்களுக்கு ஒரே சனி ஞாயிறுல புகை வந்துடும். பாப்பச்சன் சேட்டன் கதை வேற. அவரு பேடை மாத்தமாட்டாரு, உயில்ல எழுதி வெப்பாரு."

அறுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டி வண்டியில் இருந்த பேடு செப்டம்பர் மாதா பெருநாள் வரைக்கும் தாங்கும் என்று பாப்பச்சன் ஸ்டாண்டில் பந்தயம் கட்டியிருந்தார். தோற்றால் எல்லோருக்கும் பொரோட்டாவும் மாட்டுக்கறியும். அதற்கு முன் கழற்றிய பழைய ஜோடி வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி லில்லிக்குட்டி அதை எடுத்து, வெயிலில் கருவாடு காயப்போட்ட தாள் பறக்காமலிருக்க மேலே வைப்பார். பாப்பச்சன் திரும்ப எடுத்துக் கழுவி டிவியருகே வைப்பார்.

வழியில் அருவியருகே யாராவது வெளியூர்க்காரர் புகைகிற சக்கரத்தின் மேல் பாட்டில் தண்ணீரைச் சாய்க்கப் போனால் பாப்பச்சன் எங்கள் நேரத்தையெல்லாம் மறந்துவிடுவார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடுவார். "ஊத்தாதே! ஊத்தாதே மோனே! சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிக்கும். உக்காரு, ஒரு கட்டன் சாயா குடி, தன்னால ஆறும்." அவர்கள் குடிக்கும் வரை கூடவே நிற்பார். எங்களுக்கும் ஒவ்வொரு சாயா வரும்.

இப்படி இருந்தவர், இந்த ஜூலையில், பாசி பிடித்த முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டு போய் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு கியர் மாற்ற முடியாது. எங்களுக்கு வேறு வண்டி பார்த்துத் தருவதாக, குரல் இறங்கிச் சொன்னார். அடுப்படியிலிருந்து லில்லிக்குட்டி எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு வேற வண்டி? எனக்கு லைசென்ஸ் இருக்கே."

"ஏடீ, அது மைதானத்துல எட்டுப் போட்டு வாங்கினது. இது மலை."

"இச்சாயா, மலைக்குன்னு தனி லைசென்ஸா தர்றான்? இவங்க மூணு பேரும் வேற வண்டி பழகிட்டா திரும்பி வருவாங்களா? சாவியக் கொடுங்க."

மறுநாள் காலை லில்லிக்குட்டி சீட்டை முன்னால் இழுத்து, அடியில் ஒரு தலையணையைப் போட்டு ஏறி உட்கார்ந்தார். அவர் ஓட்டுவது பாப்பச்சன் ஓட்டுவதற்கு நேர் எதிர். ஓட்டம், பிரேக், ஓட்டம், பிரேக். கோழிக்கு ஒரு பிரேக், வளைவுக்கு ஒன்று, தெரிந்தவர்களைப் பார்த்தால் ஒன்று. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "கீவர்கீஸ் புண்ணியவாளா, பிடிச்சுக்கோ" என்று வேண்டிக்கொண்டே மிதிப்பார். ஓமனா எலுமிச்சம்பழம் முகரத் தொடங்கினாள். ஆனால் மூவரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அஞ்சலகத்தில் என்னை அவ்வளவு காலையில் பார்த்து, கதவைத் திறந்தவர் பயந்துபோனார்.

பாப்பச்சன் அந்த வாரங்களில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மாலையில் தன் வண்டி ஏறி வரும் சத்தம் தூரத்து வளைவிலேயே அவருக்குத் தெரியும். வந்து நின்றதும் நல்ல கையைச் சக்கரத்தருகே நீட்டுவார். ஏறி வந்த வண்டியில் பிரேக்குக்கு என்ன வேலை? சூடு இருக்காது. கொஞ்சம் நிம்மதியாவார். இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சக்கரம் சொல்லவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

பெருநாளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஒரு மாலை, வண்டி முற்றத்துக்குள் திரும்பி நின்றபோது 'கீச்ச்' என்று ஒரு சத்தம் வந்தது. பேடு தேய்ந்து தீருகிற கட்டத்தில் அதிலுள்ள சிறு தகடு உரசிக் கத்துகிற சத்தம். பாப்பச்சன் எழுந்துவிட்டார்.

"ஏடீ... அது நம்ம வண்டியா?"

மறுநாள் ஹம்சா கழற்றிக் காட்டினார். அப்பம் ஓரம்போல் மெலிந்துவிட்டிருந்தது. "சேட்டா, ரெண்டு வருஷமா நீங்க கட்டிக் காத்தத சேச்சி ஒன்றரை மாசத்துல சாப்பிட்டுட்டாங்க." செய்தி எங்களுக்கு முன்பே மலை ஏறி ஸ்டாண்டை அடைந்திருந்தது. "பொரோட்டா எப்போ ரெண்டாம் கியரே?" என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள்.

பாப்பச்சன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். லில்லிக்குட்டியோடு பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். மீன் போதுமா என்றால் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் மூவரும் சமாதானம் பேசப் போனபோது, அவர் மெலிந்த பேடைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது தேயறதுக்குன்னே பண்ணினது இச்சாயா. தேயாம இருந்தா அது கல்லு" என்றார் லில்லிக்குட்டி, எங்களுக்குச் சாயா வைத்தபடி.

"கல்லுன்னதும் ஞாபகம் வருது—" என்று தொடங்கிவிட்டாள் ஓமனா. லில்லிக்குட்டி கண்ணைக் காட்டினார். தாமதமாகிவிட்டது.

"என்ன கல்லு?" என்றார் பாப்பச்சன்.

ஓமனா சொல்லிவிட்டாள். ஆகஸ்டின் பெருமழையில் ஒரு காலை, முறிஞ்சபுழை தாண்டிய வளைவில், மேலிருந்து பாறையொன்று சரிந்து சாலை நடுவில் கிடந்தது. மூடுபனியில் அது கண்ணில் பட்டபோது வண்டி அதைக் கிட்டத்தட்ட எட்டியிருந்தது. லில்லிக்குட்டி புண்ணியவாளனைக்கூடக் கூப்பிடவில்லை. இரு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து முழுப் பலத்தோடு மிதித்தார். வண்டி நின்றது. இடது பக்கம் பள்ளம். பிறகு லில்லிக்குட்டி, "இத இச்சாயனுக்குச் சொல்லாதீங்க. சாவியப் பிடுங்கிடுவாரு" என்றார்.

பாப்பச்சன் பேடைக் கீழே வைத்தார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"எவ்வளவு தள்ளி?"

ஓமனா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒரு பிறந்த குழந்தையைப் பிடிக்கிற அளவு. பாப்பச்சன் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லில்லிக்குட்டியை, தலையிலிருந்து கால்வரை, எங்காவது அடிபட்டிருக்கிறதா என்பதுபோல் இப்போது பார்த்தார்.

"பயந்துட்டியா?"

"பின்னே? உங்களுக்குக் கஞ்சி ஊத்தும்போது கீழ கொட்டினேனே, அன்னிக்குத்தான்."

எங்கள் பக்கம் திரும்பியபோது பழைய பாப்பச்சன் வந்துவிட்டார். "கேட்டீங்கல்ல? பேடு கனமா இருந்ததாலதான் நின்னுச்சு. எதுக்குச் சேத்து வெச்சேன்? இதுக்குத்தான் சேத்து வெச்சேன்!"

"ஆமாமா, தீர்க்கதரிசி. சாயா ஆறுது" என்றார் லில்லிக்குட்டி.

அன்று மாலையே ஸ்டாண்டுக்குப் பொரோட்டா போயிற்று. தோற்றவர் இவ்வளவு சத்தமாகப் பரிமாறி நான் பார்த்ததில்லை. பாறைக் கதையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். கடைசி ஆளுக்குச் சொன்னபோது பாறை யானை அளவாகியிருந்தது.

பெருநாள் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். புதுப் பேடு போட்ட வண்டி வாசலில் நின்றது. பாப்பச்சன் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு வந்தார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஓமனா மட்டும் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டாள். அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். சீட் முன்னால் இழுத்தபடி இருந்தது, மேலே தலையணை. தள்ளுவதற்குக் குனிந்தவர், நிமிர்ந்தார். தலையணையைத் தட்டிச் சரியாக வைத்துவிட்டு, சுற்றி வந்து பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"கை இன்னும் கொஞ்சம் வலிக்குது" என்றார், யாரும் கேட்காமலே.

லில்லிக்குட்டி தலையணையில் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். இறக்கம் தொடங்குகிற இடத்தில் இரண்டாவது கியரைப் போட்டார். முதல் வளைவு வந்ததும் பாப்பச்சனின் வலதுகால் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. இரண்டாவது வளைவிலும்.

"இச்சாயா, அங்கே பிரேக் இல்ல."

நாங்கள் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். பாப்பச்சன் சாலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நீண்ட கால்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகச் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.